‘கழிசல்’ என்று பெயரிட்டவர் யார்?

விடிகிற வேளையிலே மீன்பிடித் துறைமுகம் சந்தைக்கோலம் கொள்கிறது. விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணைகின்றன. கூடைகள் இறங்குகின்றன, ஏலக்குரல் எழுகிறது. இறால் இறங்கினால் வியாபாரிகள் விரைகிறார்கள். கணவாய் இறங்கினால் கம்பெனி ஆட்கள் கணக்கெடுக்கிறார்கள். வஞ்சிரமென்றால் விலை பேசுகிற குரலிலேயே ஒரு மிடுக்கு! இத்தனையும் முடிந்த பிறகு, படகின் மேல்தட்டில் கிடந்த மற்றொரு குவியலை மண்வாரி கொண்டு அள்ளிக் கொட்டுகிறார்கள். அதைச் சுற்றிக் கூட்டமில்லை. அதன்மேல் ஒரு துண்டு ஐஸ் இல்லை. மிதிபட்டு, நசுங்கி, வெயிலிலே வெந்து கிடக்கிறது. இராமேசுவரம் பக்கத்திலே அதற்குச் ‘சங்காயம்’ என்று பெயர். வேறு கரைகளிலே ‘கழிசல்’ என்பார்கள்.

கழிசல்! என்ன பொருத்தமான பெயர் என்று நினைக்கத் தோன்றும், தொலைவிலே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவருக்கு. கிட்டே சென்று கிளறிப் பாருங்கள். காரப்பொடி இருக்கிறது. சூடை இருக்கிறது. நெத்திலி இருக்கிறது. தும்பிலி இருக்கிறது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் கை நீளம் வளர்ந்திருக்கக்கூடிய பெருமீன்களின் குஞ்சுகளும் கிடக்கின்றன. இவற்றிலே எது கழிசல்? எந்த மீன் தன் முதுகிலே ‘நான் கழிசல்’ என்று எழுதிக்கொண்டு கடலிலே பிறந்தது?

‘ஊரிலே ஆயிரம் சிக்கல் இருக்க, மீன் குப்பையைப் பற்றி ஒரு கட்டுரையா?’ என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். 2019–21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு நம் முன்னே இருக்கிறது. தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். இந்தியா முழுமைக்கும் பார்த்தால் அந்த 25 என்பது 35ஐத் தாண்டுகிறது. மற்ற மாநிலங்களைவிட நாம் மேல் என்று மார்தட்டிக் கொள்ளலாம். ஆனால் நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை குட்டையாக நிற்கிறதே, அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் அந்தப் பெருமையைச் சொல்ல முடியுமா? இந்த நாட்டிலேதான், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கரையிலே, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மண்ணிலே காய்ந்து கொண்டிருக்கின்றன. ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில், கழிசல் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

கட்டுமரமும் வள்ளமும் கடலுக்குச் சென்ற நாளிலே, வலையில் விழுந்ததெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சட்டிக்குப் போயிற்று. பெரியது சந்தைக்கு, சிறியது குழம்புக்கு, மிஞ்சியது கருவாட்டுக்கு. சென்னாக்கூனியைக்கூட நம் தாய்மார்கள் விட்டு வைத்ததில்லை! வறுத்து, பொடித்து, சோற்றோடு பிசைந்து தந்தார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறா ஆக்கிப் போட்டார்கள். ‘உடலுக்கு நன்மை செய்யும் உணவு’ என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அதை விளம்பரமில்லாமல் செய்தது அந்த அடுப்பு.

பிறகு வந்தது இழுவைமடி. 1952ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டு கேரளத்திலே கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. மீனவர் வாழ்வை உயர்த்துவது நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கம்தான், குறை சொல்லமாட்டோம். ஆனால் அதே 1953ல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. டாலர் திரும்பி வந்தது. அவ்வளவுதான்! அதற்குப் பிறகு கடலிலே இருப்பது இறால் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. கடலின் அடித்தரையைப் பெருக்கிக்கொண்டு போகிற மடி இறாலை மட்டுமா அள்ளும்? இறாலின் அக்கம்பக்கத்திலே குடியிருந்தவர்கள் அத்தனை பேரையும் அள்ளிற்று. படகிலே ஐஸ் அறை ஒன்று. அது இறாலுக்கே போதவில்லை. மற்ற மீனைத் தூக்கி எறி என்றார் படகுக்காரர். எறிந்தார்கள். உயிரோடா எறிந்தார்கள்? பெரும்பாலும் பிணமாக.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இன்று ஏலக்கூடத்தின் இளவரசனாக விளங்கும் இந்த இறால் இருக்கிறதே, அதைக் கேரளக் கரையிலே காயவைத்துத் தென்னைக்கு எருவாகப் போட்ட காலம் ஒன்று உண்டு! அன்று அது கழிசல். கணவாயும் அப்படியே: ஏற்றுமதிக்காரர் கண்ணில் படும்வரை அதைச் சீண்டுவார் குறைவு. அன்றைய எரு இன்றைய இளவரசன். அன்றைய குழம்பு மீன் இன்றைய குப்பை. மீன் மாறவில்லை, தோழர்களே! மீனுக்குப் பட்டம் சூட்டுகிற பேரேடு மாறிற்று.

இது நம் கரைக்கு மட்டும் உரிய கதையன்று. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2019ல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் 2014 வரையிலான காலத்திலே உலகக் கடல்களில் பிடித்த பின் திருப்பி எறியப்பட்ட மீன் ஆண்டொன்றுக்குச் சுமார் 91 இலட்சம் டன். பிடித்த மீனிலே பத்திலொரு பங்கு! அதிலும் ஏறத்தாழப் பாதி, அடித்தரையைப் பெருக்கும் இழுவைமடியின் கைங்கரியம். நார்வே 1987ல் காட் மீனையும் ஹாடக் மீனையும் கடலிலே திருப்பி எறிவதைத் தடைசெய்தது. ஐஸ்லாந்திலே காட் மீனின் சதையைச் செல்வர் நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, தலையைப் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரின் வெப்பத்தில் உலர்த்தி நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது குழம்பிலே மணக்கிறது.

நம் நாட்டிலும் இப்போது முன்போல எறிவதில்லை. கரைக்குக் கொண்டு வருகிறார்கள். ஏன்? கழிசலுக்கும் வாங்குவோர் வந்துவிட்டார்கள். யார் அவர்கள்? கோழித்தீவனக்காரர், மீன்தூள் ஆலைக்காரர். நாலைந்து கிலோ மீனை அரைத்து, வேகவைத்து, பிழிந்து, உலர்த்தினால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூளிலே ஒரு பகுதி எங்கே போகிறது தெரியுமா? கரையோரப் பண்ணைகளிலே வளர்க்கப்படும் இறாலுக்குத் தீனியாக! இறாலைத் தேடிப்போய்க் கொன்ற மீனை, இறாலுக்கே இரையாக்கி, அந்த இறாலைக் கப்பலேற்றிவிடுகிறோம். மேற்கு ஆப்பிரிக்காவிலே செனகல், காம்பியா கரைகளில் இந்த ஆலைகள் வந்த பிறகு, ஏழைகள் தின்ற சூடை இன மீன் ஆலைக்குப் போயிற்று; அதைப் புகையிலிட்டு விற்றுப் பிழைத்த பெண்களின் கூடை வெறுமையாயிற்று.

படகோட்டியை இதற்குப் பழிக்க நமக்கு மனமில்லை. டீசல் விலை அவனை விரட்டுகிறது. கடன் அவனைத் துரத்துகிறது. சங்காயம் விற்ற காசு அன்றைய டீசலுக்காவது ஆகட்டுமே என்று அவன் எண்ணுவதிலே குற்றமில்லை.

இனி, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்போம்.

மீனின் சதையிலே 100க்கு 15 முதல் 20 பங்கு புரதம். விலையுயர்ந்த மீனானாலும், கழிசல் என்று கொட்டிய மீனானாலும் இதிலே பெரிய வேறுபாடு கிடையாது! எலும்பிலே சுண்ணாம்புச் சத்து. எண்ணெயிலே ஒமேகா-3 என்னும் கொழுப்பு. இதயத்துக்கும் குழந்தையின் மூளைக்கும் வேண்டியது. தோலிலும் செதிலிலும் கொலாஜன். இறாலின் தலையும் ஓடும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி. அதிலே கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது, அதிலிருந்து கைட்டோசான் எடுக்கிறார்கள்.

புரதத்தை எப்படிப் பிரிப்பது? நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். முற்றிய ஆட்டுக்கறி வேகவில்லையென்றால் பாட்டி என்ன செய்வாள்? பச்சைப் பப்பாளிக்காயில் ஒரு துண்டு வெட்டிப் போடுவாள். கறி பஞ்சாகிவிடும். பப்பாளிப் பாலிலே பப்பைன் என்னும் நொதி இருக்கிறது. புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் தொழில். ஆலையிலே செய்வதும் அதுதான். மீனை அரைத்து, நீர் கலந்து, 50, 60 டிகிரி வெப்பத்திலே வைத்து, நொதியைச் சேர்க்கிறார்கள். சில மணி நேரத்திலே கூழ் நீராகிறது. பிறகு வெப்பத்தை உயர்த்தி நொதியின் வேலையை நிறுத்தி, எலும்பை வடித்து, எண்ணெயைப் பிரித்து, நீரை உலர்த்தினால் தூள். எளிதிலே செரிக்கும் தூள். கொஞ்சம் கசக்கும், கொஞ்சம் வாடை அடிக்கும். அந்தக் கசப்பைப் போக்குவதற்கு உலகமெங்கும் ஆராய்ச்சியாளர் மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

பசியைத் தீர்ப்பதோடு நில்லாமல், உடம்புக்குக் குறித்த ஒரு நன்மையையும் செய்கிற உணவைச் ‘செயல்பாட்டு உணவு’ என்கிறார்கள். இந்த எண்ணத்துக்குச் சட்டவடிவம் தந்த நாடு ஜப்பான்; 1991ல் அதற்கென ஓர் ஒழுங்குமுறை வகுத்தது. மத்தி இன மீனிலிருந்தும் சூரை இன மீனிலிருந்தும் எடுத்த புரதத் துணுக்குகள், சற்றே இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கு ஏற்றவை என்று அங்கே அனுமதி பெற்றன. இங்கே, கொச்சியிலே 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொலாஜன் துணுக்கும், கைட்டோசானும், மீன் எலும்புச் சுண்ணாம்பும் எடுக்க வழிகண்டு, தொழில் செய்வோர்க்குக் கற்றுத் தருகிறது. தூத்துக்குடியிலே மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. நாகையிலே மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ல் பிறந்தது. ஆக, அறிவு இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது.

பிறகு ஏன் அந்தக் குவியல் இன்னும் மண்ணிலே கிடக்கிறது? இதற்கு விடை தேடுமுன், அமெரிக்காவிலே நடந்த ஒன்றைக் கேளுங்கள். சிரிப்பும் வரும், சினமும் வரும்.

1960ஆம் ஆண்டுகளிலே, முழு மீனை அப்படியே அரைத்து, ஆல்கஹாலில் கழுவி, நீரையும் கொழுப்பையும் வாடையையும் நீக்கி, மணமும் சுவையுமற்ற ஒரு வெள்ளைத் தூள் செய்தார்கள். 100க்கு 80 பங்கு புரதம்! உலகத்துப் பட்டினிக்கு இதோ மருந்து என்றார்கள். ஆனால் அந்நாட்டு உணவு, மருந்து ஆணையம் 1962ல் என்ன சொல்லிற்று? தலையும் குடலும் கண்ணும் சேர்த்து அரைத்த பொருள் தூய்மையற்றது, மனிதர் உண்ண ஒவ்வாதது என்றது. சிப்பியைக் குடலோடு விழுங்கும் சீமான்கள் வாழும் நாட்டிலே! டப்பியில் அடைத்த மத்தியை முழுசாகத் தின்கிறவர்கள் வாழும் நாட்டிலே! எதிர்ப்பு எழுந்தது, வாதம் வளர்ந்தது. 1967ல் அனுமதி வந்தது. எப்படி? ஹேக் இன மீனில் மட்டும் செய்யலாம். ஒரு பவுண்டுக்கு மேற்படாத பொட்டலமாக, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் விற்கலாம்! ரொட்டி ஆலைக்கு மூட்டையாகத் தர வேண்டிய சரக்கைப் பொட்டலத்திலே விற்றால் யார் வாங்குவார்? வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் துறைமுகத்திலே அரசுப் பணத்தில் எழுந்த சோதனை ஆலை 1972ல் கதவை மூடிற்று.

அதிகாரிகளின் அருவருப்பு மட்டுமா அதைக் கொன்றது? இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தூள் நீரிலே கரையாது, மணல்போல் நறநறக்கும், செலவும் அதிகம். அதைவிட முக்கியம், அதை உண்ண வேண்டியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழைக்கு நாக்கு இல்லை என்று முடிவு செய்துகொண்டு, சுவையில்லாத தூளைச் செய்தார்கள். ஏழைக்கும் நாக்கு உண்டு ஐயா! புளியும் மிளகாயும் அறிந்த நாக்கு.

இதற்கு நேர் எதிராக ஒரு பெண்மணி செய்ததைப் பாருங்கள். சகுந்தலா தில்ஸ்டெட். டிரினிடாட் தீவுக்குக் குடியேறிய இந்திய வம்சாவளியிலே பிறந்தவர். வங்கதேசத்திலே வயலிலும் குளத்திலும் துள்ளும் மோலா என்ற சிறுமீனை ஆராய்ந்தார். சுண்டுவிரல் அளவு மீன். எடுப்பார் கைப்பிள்ளையாக எங்கும் கிடப்பது. அதிலே வைட்டமின் ‘ஏ’ ஏராளமாக இருப்பதைக் கண்டார். எங்கே இருக்கிறதாம்? கண்ணிலும் குடலிலும்! அமெரிக்க அதிகாரிகள் முகம் சுளித்தார்களே, அதே இடத்திலே! வைட்டமின் ‘ஏ’ இல்லாமல் குழந்தைகளின் கண் மங்குகிற நாட்டிலே, மீனின் கண்ணிலே மருந்து இருந்தது. சிறுமீனை உலர்த்திப் பொடியாக்கி, கருவுற்ற தாய்க்கும் கைக்குழந்தைக்கும் ஏற்ற பொடியாகவும், மிளகாயும் பூண்டும் சேர்த்த துவையலாகவும் தந்தார்கள். ஊரார் நாக்கறிந்த பண்டம், ஆகவே உண்டார்கள். 2021ல் உலக உணவுப் பரிசு அவரைத் தேடி வந்தது.

நமக்கும் கருவாட்டுப் பொடி தெரியும். நெத்திலித் துவையல் தெரியும். பிள்ளைகளுக்குச் சத்துணவுக் கூடமும் அங்கன்வாடியும் இருக்கின்றன. வேண்டுபவர் தட்டிலே ஒரு கரண்டிப் பொடி விழுவதற்கு எது தடை? ‘வேண்டுபவர்’ என்று அழுத்திச் சொல்கிறோம். மீன் உண்ணாத வீட்டுப் பிள்ளைக்கு மாவிலே மறைத்து ஊட்டுவது மோசடி. மீன் ஒவ்வாத உடம்புக்கு அது ஆபத்தும்கூட. பெயரைச் சொல்லி, பொட்டலத்தின் மேல் எழுதி, கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும்.

தடை எது என்று தேடிப் போனால், பெரிய ஆராய்ச்சிக் கூடத்திலே அது அகப்படாது. படகின் மேல்தட்டிலே அகப்படும். ஐஸ் இல்லாத மீனிலே, முக்கியமாகச் சூடை, கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றிலே, கிருமி பெருகி ஹிஸ்டமின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அதை வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது! மண்ணிலே பரப்பி, காகமும் நாயும் மேய்ந்த மீனை அரைத்துக் கோழிக்கே கொடுக்க யோசிக்க வேண்டும்; குழந்தைக்குக் கொடுப்பது எங்ஙனம்? கழிசலை உணவாக்கும் வேலை அந்த நொதித் தொட்டியிலே தொடங்கவில்லை. கூடுதலாக நாலு பெட்டியும் ஐஸும் படகிலே ஏற்றும்போது தொடங்குகிறது. அந்தச் செலவை யார் தாங்குவது? சங்காயத்துக்கு வருகிற விலை அந்த ஐஸுக்குக் காணாது. உண்ணத்தக்க நிலையிலே கொண்டு வந்த சிறுமீனுக்கு உணவு விலை கொடுக்க அரசோ கூட்டுறவுச் சங்கமோ முன்வந்தாலன்றி, எந்தப் படகோட்டியும் ஐஸை வீணாக்கமாட்டான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சங்காயத்துக்கு நல்ல விலை என்று அறிவித்தால், மடியின் கண்ணை இன்னும் சிறிதாக்கிக் குஞ்சு மீனை எல்லாம் வாரிவிட மாட்டார்களா? வாருவார்கள்! மீன்தூள் ஆலை வந்த இடங்களிலே இந்த ஆசை வளர்ந்ததைக் கண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையிலே விசைப்படகுகளைக் கட்டிப் போடுகிறோம், மீன் பெருகட்டும் என்று. அந்த 61 நாளில் பெருகியதை அடுத்த வாரமே குஞ்சாக அள்ளி அரைப்பதென்றால் எதற்கு அந்தத் தவம்? ஆகவே விலை கொடுப்பது காரப்பொடி, நெத்திலி, சூடை போல, வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் மீனுக்கு இருக்கட்டும். பெருமீனின் குஞ்சுக்கு வேண்டாம். வலைக்கண் சட்டம் 1983 முதல் வந்த கடல்மீன்பிடிச் சட்டத்தின் கீழே இருக்கத்தான் இருக்கிறது. துறைமுகத்திலே அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

கடலிலிருந்து வரும் கழிசலைவிடத் தொழிற்கூடத்திலிருந்து வரும் கழிவு இதற்கு இன்னும் ஏற்றது என்றுகூடச் சொல்வோம். அங்கே ஐஸ் இருக்கிறது, தரை கழுவியிருக்கிறது, சூரையின் தலையும் எலும்பும் தோலும், இறாலின் ஓடும் நாள்தோறும் ஒரே இடத்திலே குவிகின்றன. குஞ்சு மீனுக்கும் ஆபத்தில்லை. ஆனால் அங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன், நகரத்துக் கடைகளிலே முகப்பொலிவுத் தூளென்று பளபளக்கும் டப்பியில் விற்கிறது. மீனெண்ணெய் மாத்திரையாக விற்கிறது. இறாலின் தோலை உரித்து, விரல் வெடித்து, ஐஸ் தண்ணீரிலே நாள் முழுதும் நிற்கிற பெண்ணுக்கு அந்த டப்பியின் விலை எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளை இந்த ஆலைகள் பெருகும், பெருகத்தான் வேண்டும். அப்போது கழிவைப் பிரிக்கும் கைகளுக்குக் கூலி மட்டுமா, பங்கும் உண்டா? விளையும் பொடியிலே இத்தனை பங்கு அங்கன்வாடிக்கு என்று உண்டா? மீனவப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு உலர்த்தும் மேடையும் அரைக்கும் எந்திரமும் கிடைக்குமா? இவற்றை ஆலைக்கு அடிக்கல் நாட்டுமுன் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால், வாசற் காவற்காரர்தான் பதில் சொல்வார்.